இணைப்பைக் காணோம்

2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில மருத்துவ வாரியத்துக்கு ஒரு சான்றிதழ் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வேலை பார்த்த ஓர் அறுவை சிகிச்சை நிபுணரின் உரிமத்தைப் பற்றிய சான்று. அதிலேயே ஒரு குறிப்பு: இவர் மீதான உத்தரவு கோப்பில் உள்ளது, இணைப்பைப் பார்க்கவும். இணைப்பைக் காணோம். எங்கே அது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது நகலில் கையெழுத்து இல்லை என்று நம்மைத் திருப்பி அனுப்பும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவை எத்தனையோ முறை மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். அவரைப் போல் ஒருவர் அன்று வாரியத்தின் பிரிஸ்பேன் ஆபீசில் உட்கார்ந்திருக்கலாம்.

அந்த நிபுணர் ஜயந்த் பட்டேல். ஜாம்நகரில் பிறந்து, அங்கேயே டாக்டருக்குப் படித்து, எழுபதுகளில் அமெரிக்கா போனவர். காணாமல் போன இணைப்பில் இருந்திருக்க வேண்டிய சங்கதி இதுதான்: கல்லீரல், கணையம் போன்றவற்றில் பெரிய அறுவைகள் செய்யக்கூடாது, சிக்கலான கேஸ் என்றால் இன்னொரு நிபுணரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஓரிகன் வாரியம் 2000-இல் அவருக்குக் கடிவாளம் போட்டிருந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டார். உங்கள் பதிவுக்கு எங்காவது கட்டுப்பாடு விதிக்கப்பட்டதுண்டா என்று குயின்ஸ்லாந்து படிவம் கேட்டது. இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்த ஊர் பண்டாபெர்க். பிரிஸ்பேனுக்கு வடக்கே 350 கிலோமீட்டருக்கு மேல். கரும்புக் காடும், அந்தக் கரும்பில் காய்ச்சும் ரம்மும்தான் ஊரின் அடையாளம். வெளியிலிருந்து ஆள் கொண்டு வருவது அந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1863 தொடங்கி நாற்பது ஆண்டுகளில் பசிபிக் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 60 ஆயிரம் பேரைக் கப்பலேற்றி வந்து கரும்பு வெட்ட விட்டார்கள். கங்காணி முறை தெரிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

டாக்டர்கள் கதை வேறு. அவர்கள் விரும்பி, நல்ல சம்பளத்துக்கு வருகிறார்கள். ஆனால் வரவழைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். டாக்டர்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டார்கள் என்று தொண்ணூறுகளில் ஆஸ்திரேலிய அரசு ஒரு கணக்குப் போட்டு, மருத்துவக் கல்லூரி இடங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. இருந்தவர்களும் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேனை விட்டு நகரவில்லை. சிறு ஊர் ஆஸ்பத்திரிகளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஆகவே 'ஏரியா ஆஃப் நீட்', அதாவது ஆள் தேவைப்படும் பகுதி என்று ஒரு முத்திரை. அந்த முத்திரை விழுந்த ஊருக்கு வெளிநாட்டு டாக்டரை வழக்கமான தேர்வுகள் இல்லாமலே பதிவு செய்து அனுப்பலாம். ஆள் தேடித் தருவது தனியார் ஏஜென்சி. டாக்டர் வேலையில் சேர்ந்தால்தான் ஏஜென்சிக்குக் காசு. அவருடைய பழைய ஊருக்குப் போன் போட்டுக் குடைவதில் யாருக்கு அக்கறை இருக்கும்?

பட்டேலை எடுத்தது சீனியர் மெடிக்கல் ஆபீசர் பதவிக்கு. நிபுணர் என்ற பதிவு அவருக்கு அங்கே கிடையாது. ஆனால் வந்த கையோடு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கே தலைவராக்கிவிட்டார்கள். மேலே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர், மேலே உட்கார்ந்துவிட்டார். யார் என்னென்ன அறுவை செய்யலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு இருக்க வேண்டும். அவர் விஷயத்தில் அந்தக் குழு கூடவே இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு நர்ஸ் டோனி ஹாஃப்மன். ஒரு நோயாளியை ஓரிரு நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பார்க்கத்தான் அந்தப் பிரிவுக்கு வசதி. அதற்கு மேல் போனால் பிரிஸ்பேனுக்கு அனுப்ப வேண்டும். பட்டேல் அங்கே உணவுக்குழாயை எடுக்கும் அறுவையைத் தொடங்கினார். அது பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே கைநடுங்கும் வேலை. நோயாளிகளின் நிலை மோசமானபோதும் அனுப்ப மறுத்தார். ஹாஃப்மன் மேலிடத்துக்குச் சொன்னார், எழுதினார். மேலிடம் அசையவில்லை, காரணமும் இருந்தது. இத்தனை அறுவை முடித்தால் இவ்வளவு நிதி என்று ஆஸ்பத்திரிக்கு இலக்கு உண்டு. பட்டேல் கைவேகக்காரர், காத்திருப்போர் பட்டியலைக் கரைத்துக் கொடுத்தார். அவர் கண்ணில் படாமல் நோயாளிகளை ஒளித்து வைத்ததாக நர்ஸ்கள் பிற்பாடு சாட்சி சொன்னார்கள். இதைப் படித்தபோது அதிர்ந்தது மறக்கவில்லை.

கடைசியில் ஹாஃப்மன் உள்ளூர் எம்.எல்.ஏ.விடம் போனார். 2005 மார்ச்சில் விஷயம் சட்டமன்றத்துக்கு வந்தது. அடுத்த மாதம் 'கூரியர் மெயில்' நிருபர் ஹெட்லி தாமஸ், பட்டேலின் பெயரைக் கூகுளில் தட்டினார். அவ்வளவுதான். ஓரிகனும் நியூயார்க்கும் திரையில் வந்து நின்றன. மருத்துவ வாரியம், ஏஜென்சி, ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று மூன்று இடங்களில் இரண்டு ஆண்டுகளாக நடக்காத சரிபார்ப்பு அது. அதற்குள் பட்டேல் அமெரிக்கா பறந்திருந்தார்; பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்ததும் அரசாங்கம்தான்.

பிறகு திரும்பக் கொண்டுவரப்பட்டார். வழக்கு நேர்கோட்டில் போகவில்லை. 2010-இல் மூன்று நோயாளிகளின் மரணத்துக்கு அவரே பொறுப்பு என்று ஏழாண்டு சிறை. 2012-இல் உச்ச நீதிமன்றம், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று அதை ரத்து செய்தது. மறு விசாரணையில் ஒரு வழக்கில் விடுதலை, இன்னொன்றில் ஜூரிகளுக்குள் உடன்பாடு இல்லை. முடிவில் 2013-இல் அவர் ஒப்புக்கொண்டது மோசடியை: உண்மையை மறைத்துப் பதிவு வாங்கியதை. இரண்டாண்டு தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டத்தின் கணக்கில் கடைசிவரை நின்றது அந்தக் காகிதம்தான்.

பட்டேலைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். எனக்கு அதில் திருப்தி இல்லை. நியமனத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அவர் கெட்டவராக இருந்துவிடக் கூடாதே என்ற கவலை இருந்திருக்கும். ஆள் கிடைக்காத ஊரில் காகிதத்தை ஊன்றிப் படிப்பவன் காரியத்தைக் கெடுப்பவன் ஆகிவிடுகிறான்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்கள். 2010-இல் மாநில வாரியங்கள் போய், நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை வந்தது. நன்னடத்தைச் சான்றை, டாக்டர்கள் பாஷையில் 'குட் ஸ்டாண்டிங்'கை, டாக்டர் கையில் கொடுக்கக் கூடாது. அவருடைய பழைய ஊர் மருத்துவக் கவுன்சில் நேரே அனுப்ப வேண்டும். பட்டத்தைக் கொடுத்த பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள். நிபுணர் என்றால் அந்தத் துறையின் கல்லூரி அவரை எடைபோடும்: ஏறத்தாழ எங்களவர் போல, ஓரளவு போல, இல்லவே இல்லை. தேறினாலும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பில் போட வேண்டுமானால் பத்தாண்டு ஆள் பற்றாக்குறைப் பகுதியில் இருக்க வேண்டும். இதற்கு 'மொரட்டோரியம்' என்று பெயர். வங்கிக் கடனுக்குத்தான் நாம் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம். 2024-இல் நிபுணர்களுக்கு ஒரு விரைவுப் பாதை திறந்தார்கள். தொடக்கப் பட்டியலில் இருந்தவை பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்துத் தகுதிகள்.

என் தோழி ஒருவர் மயக்க மருந்து நிபுணர். மெதுவான பாதையில் போனவர். எம்.டி. சான்றிதழில் அவர் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் கணவரின் முழுப் பெயர். இரண்டும் ஒருவர்தானா என்ற கேள்வி வந்தது. அபிடவிட் போட்டார், 'ஒன் அண்ட் த சேம்' சர்டிபிகேட்டுக்கு அலைந்தார். அதை வாங்குவதற்குள் குட் ஸ்டாண்டிங்கின் மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டது. மறுபடி கவுன்சில், மறுபடி பணம், மறுபடி காத்திருப்பு. அந்த ஒற்றை எழுத்தும் புள்ளியும் ஏழு மாதத்தை விழுங்கின என்பார்.

இப்போது கோதுமை விளையும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும், பாஸ்போர்ட்டின் கடைசிப் பெயரால். சூப்பர் மார்க்கெட்டில் யாராவது "டாக்டர்" என்று சொல்லி அந்தப் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால், கூடை ஏந்தி நிற்கும் கம்ப்யூட்டர்காரக் கணவர்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறாராம்.