அனுமதிப்பத்திரம் இரத்தானால் எங்கள் பணம் என்னவாகும்?

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளிநொச்சியிலிருந்து சொந்தக்கார அக்கா ஒருவர் வந்திருந்தார். தமிழீழ வைப்பகத்தில் போட்ட சேமிப்பை 2009 இல் இழந்தவர். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் கையில் இருந்தது. "தம்பி, கூட்டுறவுக் கிராமிய வங்கியில வட்டி கூட எண்டு சொல்லுகினம், போடலாமோ?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

1940 இல் தொடங்கிய 'த பினான்ஸ் கம்பனி' நாட்டின் மிகப் பழைய நிதி நிறுவனங்களில் ஒன்று. அது சார்ந்திருந்த சிலின்கோ குழுமத்தின் கோல்டன் கீ 2008 இறுதியில் விழுந்த பின், அதுவும் நிமிரவில்லை. 2020 மே 22 இல் மத்திய வங்கியின் நாணயச் சபை அதன் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தது. அதே ஆண்டு யூலையில் ஈ.ரி.ஐ. நிறுவனத்துக்கும் அதுவே நடந்தது.

இரத்து என்றால் வைப்புப் பணம் முழுவதும் அழிந்துவிட்டது என்று பொருளல்ல. 2010 இல் தொடங்கிய வைப்புக் காப்புறுதித் திட்டம் ஓர் எல்லைவரை இழப்பீடு கொடுக்கும். 2020 இல் அந்த எல்லை 6 இலட்சம் ரூபா. 10 இலட்சம் போட்டவருக்கு 6 இலட்சம் உறுதி. மீதி 4 இலட்சத்துக்கு, நிறுவனத்தின் சொத்துகளை விற்றுக் கடன் தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலில் எல்லை 11 இலட்சமாக உயர்ந்தது. இது ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில் உள்ள எல்லா வைப்புகளுக்கும் சேர்த்து.

ஆனால் இந்தக் காப்புறுதி மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டுமே. இலங்கையின் கூட்டுறவு இயக்கம் 1906 இல் இதே கண்டி மாவட்டத்துத் தும்பறையில்தான் வேரூன்றியது. இன்றும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கிராமிய வங்கிகள் ஏழைகளுக்குப் பெரிய உதவி. எனினும் அவற்றைப் பார்ப்பது கூட்டுறவுத் திணைக்களம். மத்திய வங்கி அல்ல. சங்கம் நொடித்தால் ஆணையாளர் பதிவை இரத்துச் செய்து கலைப்பாளரை நியமிப்பார். அந்த 11 இலட்சம் அங்கே கிடையாது. பெயர் ஒத்திருந்தாலும் பிரதேச அபிவிருத்தி வங்கி வேறு; அது அனுமதி பெற்ற வங்கி.

ஆகவே பணம் போடுமுன் மூன்றைப் பாருங்கள். மத்திய வங்கியின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? உங்கள் தொகை காப்புறுதி எல்லைக்குள் நிற்கிறதா? சங்கமென்றால், கடைசிக் கணக்காய்வு அறிக்கையைக் காட்டுகிறார்களா?

அக்கா பணத்தை இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டார். கிராமிய வங்கியில் சிறு தொகையோடு ஒரு கணக்கு மட்டும் வைத்திருக்கிறார், அவசரத்துக்கு நகை அடைவு வைக்க.