சட்டமும் வழக்கமும்

எழுதிவைத்த சட்டத்தை மீறுவோனை அரசு தண்டிக்கின்றது. எழுதாத வழக்கத்தை மீறுவோனுக்கு அயலார் பேச்சே தண்டனையாகின்றது. இவ்விரண்டில் மனிதன் எதற்கு அதிகம் அஞ்சுகின்றான் என்பதற்கு, மடவளையைச் சூழ்ந்த கண்டி நாட்டின் விவாக வரலாறே தக்க சான்றாகும்.

கண்டிச் சிங்களவரிடையே பெண் கணவன் இல்லம் புகுவது ‘தீக’ மணம். கணவன் பெண்ணின் இல்லத்தில் வந்து வாழ்வது ‘பின்ன’ மணம். சகோதரர் இருவர் ஒருத்தியை மணந்து கூடி வாழ்தலும் அக்காலத்தில் உண்டு. வயல் துண்டுபடாதிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மணத்துக்குப் பதிவேடு கிடையாது. உற்றார் ஒப்பினால் மணம். மனம் ஒவ்வாவிடில் பிரிவு.

1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை மாற்ற முற்பட்டது. ஒருவனுக்கு ஒருத்தியே மனைவி, பதியாத மணம் செல்லாது, பிரிவதற்கு நீதிமன்றம் செல்லவேண்டும் என்று அது விதித்தது. இதனை விரும்பிக் கேட்டவர்களுள் கண்டிப் பிரதானிகளும் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

கிராமத்தவனோ பழைய வழியிலேயே சென்றான். பதிவு செய்யாததற்காக அவனை இகழ்வார் எவருமில்லை. ஊரார் கண்ணில் அவர்கள் கணவனும் மனைவியுமே. சட்டத்தின் கண்ணில் அல்லர். பதிவு செய்து மணந்தவன் வழக்கப்படி பிரிந்து வேறொருத்தியை மணந்தால், அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்குத் தந்தையின் காணியில் உரிமை கேள்விக்குள்ளாயிற்று. பெற்றோரைத் திருத்த வந்த சட்டம் குழந்தைகளையன்றோ வருத்திற்று!

பத்தாண்டு அனுபவத்தின் பின் அரசு சற்றே இறங்கிவந்தது. 1870ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இருவரும் மனமொத்தால் பதிவாளர் முன்னிலையிலேயே பிரியலாம் என்றது. ஒருதார மணத்தை மட்டும் அது கைவிடவில்லை. ஆயினும் சகோதரர் கூட்டுமணம் உடனே மறைந்துவிடவில்லை. மானிடவியல் அறிஞர் எட்மண்ட் லீச் 1955இல் அதுபற்றி எழுதியபோதும் அத்தகைய குடும்பங்கள் சில இருந்தன. பதிவேட்டில் ஒரு கணவன், வீட்டில் இருவர். பின்னர் அது அருகிப்போனமைக்குச் சட்டத்தைவிட ஊராரின் நாணமே பெரிதும் காரணம் எனக் கொள்ளலாம்.

மடவளை முஸ்லிம் மக்களின் விவாகச் சட்டமோ வேறு வழி சென்றது. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுப்பது மார்க்க விதி. மணமகனுக்குக் கைக்கூலி கொடுப்பது வெறும் வழக்கம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் கைக்கூலியைத் தடைசெய்யவில்லை. அது மனைவிக்கு உரியதென்றும், கணவனிடமிருந்து அதனை மீட்க அவள் காதியிடம் முறையிடலாம் என்றும் வகுத்தது.