கேட்போன் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படைகள் ஐந்து. முருகாற்றுப்படை ஒழிந்த நான்கும் கலைஞன் கலைஞனுக்கு வழி கூறுவன. மலைபடுகடாம் கூத்தர் பைகளிற் சுமந்து சென்ற கருவிகளை எண்ணிக் கூறிய பின்னரே வழியைக் கூறத் தொடங்குகிறது. ஆயின், கேட்டவன் ஒருவன் கேட்கப் போவோனை ஆற்றுப்படுத்தும் பாட்டு நம் இலக்கியத்தில் ஒரு துறையாக வளரவில்லை. மேலூரைச் சார்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், தாம் நேரிற் கேட்ட தனியிசை நிகழ்ச்சிகளைப் பற்றி அண்மையில் என்னிடம் விரித்துரைத்தபோது இக்குறை நினைவுக்கு வந்தது.

தனியிசை என ஈண்டுக் குறிப்பது, திரைப்படத்திற்கென அமையாது, பாடுவோரே இயற்றி இசையமைத்து மக்கள் முன் பாடும் இசையாகும். இளைஞர் இதனை 'இண்டி' என வழங்குவர். தமிழில் இவ்வகை பலர் கவனத்தை ஈர்த்த நிகழ்ச்சிகளுள் ஒன்று, 2018 சனவரி 6 அன்று சென்னையில் நடைபெற்ற 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் அரங்கேற்றம். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் 2017-இல் உருவாக்கிய அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் ஆண்ட 'சாதிபேதமற்ற' என்னும் அடைமொழியைத் தழுவியது. கானாப் பாடகரும் பறை, சட்டி, கட்டைமோளம் முழக்குவோரும் கித்தார் கலைஞரும் ஒரே மேடையில் நின்றனர். 2020-இல் சென்னையில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' 2021 திசம்பரில் மதுரைக்கும் கோவைக்கும் வந்தது.

நம் மாணவர் முதன்முதல் சென்றது அம்மதுரை நிகழ்ச்சிக்கே. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி ஏறத்தாழ 25 கி.மீ. எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், ஒலிபெருக்கிக்கு எத்துணைத் தொலைவில் நிற்றல் நலம், கடைசிப் பேருந்து தவறின் ஒத்தக்கடை வரை யாரிடம் வண்டி கேட்கலாம் என்பனவற்றை அவர் நண்பர்க்குக் கூறும் முறை ஆற்றுப்படையின் முறையே. புரவலன் பெயர் மட்டும் அதில் இல்லை.

பின்னர்ச் சென்ற நிகழ்ச்சி ஒன்றில் அவர் கண்ட காட்சி சிறிது விரித்துரைத்தற்குரியது. மேடையின் பின்புறத்தே வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். தோல் ஈரத்தை ஈர்ப்பது. ஈரம் ஏறின் தளரும், ஓசை தாழும். தீயில் காட்டிய அளவில் ஈரம் நீங்கித் தோல் விறைக்க, ஓசை உயரும். மார்கழிப் பனியில் அது மீண்டும் இறங்கிவிடும். கித்தாரோ சுருதி பிசகாமல் முறுக்கி நிறுத்தப்படுவது. ஆகவே பாட்டுக்குப் பாட்டு பறை தீயிடம் போய் வந்தது. பதிவு செய்த பாடலில் இவ்விடைவெளி நீங்கிவிடுகிறது. நேரிற் கேட்டவருக்கோ அக்காத்திருத்தலும் இசையின் பகுதியாயிற்று. இசை நூலார் இதனைக் குறை என்பர். யான் அவ்வாறு கருதவில்லை.

"எங்கள் ஊரில் பறை கேட்டால் தெருவின் ஓரமாக ஒதுங்குவோம். அங்கு முன்வரிசைக்கு முண்டியடித்துச் சென்றேன்" என்றார் அவர். இக்கூற்றே என்னை இக்கட்டுரைக்குத் தூண்டியது. தொல்காப்பியர் பறையை யாழோடு ஒப்பக் கருப்பொருளுள் வைத்தார். மாங்குடி கிழாரின் புறநானூற்று 335-ஆம் பாட்டில் பறை முழக்குவோர் குடி சிறப்புடைய நான்கு குடிகளுள் ஒன்று. பிற்காலத்தே அதே முழக்கம் சாவுக்கும் சாட்டுக்கும் பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியமாயிற்று. முழக்குவோன் இழிந்தோன் எனப்பட்டான். மேலூரை அடுத்த மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் சென்றோரும் 1997 சூன் 30 அன்று சாதியின் பெயரால் கொல்லப்பட்டனர். அந்நிலத்தில் வளர்ந்த ஒருவர் பறையை நாடிச் சீட்டு வாங்கிச் செல்வதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது.

ஆகவே 'தனி' என்னும் சொல் ஈண்டு இரு பொருள் தருகிறது. கித்தார் வாசிப்போர்க்கு அது திரைப்படத்தினின்று பெற்ற விடுதலை. பறை முழக்குவோர்க்கு அது ஊழியத்தினின்று பெற்ற விடுதலை. முன்னது ஊதியத்தைப் பற்றியது. பின்னது மானத்தைப் பற்றியது. கேட்போன் ஒதுங்காமல் எதிர்நிற்கும்போதுதான் பின்னது முழுமை பெறுகிறது.

மறுப்புரையும் உண்டு. பறையைக் கையால் தொடமாட்டோம் என மறுத்து உரிமை நாட்டிய இளைஞர் பல ஊர்களில் இருந்தனர். மேடையேற்றம் அம்மறுப்பை மழுங்கச் செய்யும் என்பது அவர்தம் அச்சம். இதனை எளிதில் தள்ள இயலாது. மதுரை மாவட்டத்து அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பதுமசிறீ விருது அறிவிக்கப்பட்டது. ஆயினும் விருது ஊரின் தெருவரை வந்து சேர்ந்ததா என்பது தனி வினா.

அம்மாணவர் சென்ற திங்களில் தம் தெருவில் நிகழ்ந்த சாவு ஒன்றுக்குச் சென்றிருந்தார். ஒதுங்கி நில்லாமல் அருகே சென்று, முழக்கிய முதியவரிடம் அப்போது அடித்த அடியின் பெயரைக் கேட்டாராம். முதியவர் ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி எனச் சிலவற்றை வேறுபடுத்தி அடித்துக் காட்டிவிட்டு, "இதை யாரும் கேட்டதில்லையே, தம்பி" என்றார். மாணவர் அவற்றை ஏட்டில் குறித்துவைத்துள்ளார். அவ்வேடு இப்போது என் மேசைமேல் இருக்கிறது.