குடோன் வாசல் – 11: எட்டு மணி நேரம்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஏழெட்டு மாதம் தள்ளி வாருங்கள். மார்ச் 31, இரவு பதினொன்றே முக்கால். மகளுக்குக் காய்ச்சல். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது.

"மேடம், வண்டி காவலி தாண்டி நிக்குது. ஆக்சில் போச்சு. மெக்கானிக் காலையிலதான் வருவானாம். இ-வே பில்லு பன்னெண்டு மணியோட முடியுது மேடம்."

நான் மேனேஜராக இருக்கும் சென்னீர்குப்பம் குடோனில் 28-ஆம் தேதி லோடு ஏற்றி, விஜயவாடாவுக்கு அனுப்பிய வண்டி. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். சரக்கோடு போகும் பெரும்பாலான லாரிகளுக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. விஜயவாடா சுமார் 450 கிலோமீட்டர், அதனால் மூன்று நாள். கடைசி நாளின் நள்ளிரவோடு சீட்டு செத்துவிடும். செத்த சீட்டோடு ஓடும் வண்டியை அதிகாரிகள் மடக்கினால் வரியும் அபராதமுமாகத் தீட்டிவிடுவார்கள்.

குழந்தையை அத்தையிடம் கொடுத்தேன். போக மாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்கித்தான் எடுத்துக்கொண்டார். லேப்டாப்பைத் திறந்து, போர்ட்டலில் நுழைந்து, ஓடிபி வாங்கி, வண்டி நிற்கும் இடத்தின் பின்கோடு போட்டு, காரணம் 'வாகனப் பழுது' என்று குறித்து, சீட்டை நீட்டி முடித்தபோது மணி 11.58. உள்ளறையில் அழுகை தேம்பலாகியிருந்தது.

அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் மீட்டிங்கில் மேலதிகாரி பாராட்டினார். தாயாகிவிட்டாலும் தளர்ந்துவிடவில்லை என்று காட்டிவிட்டேன் அல்லவா!

சில மாதம் கழித்து ஒரு புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் அந்த விதியை முழுக்க வாசித்தேன். இ-வே பில்லை அது முடிவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திலும் நீட்டலாம், முடிந்த பிறகு எட்டு மணி நேரம் வரையிலும் நீட்டலாம். அந்த வண்டியோ அச்சு முறிந்து ரோட்டோரம் நின்றது, ஓடவே இல்லை. காலை எட்டு மணிக்குள் யார் நீட்டியிருந்தாலும் போதும். போர்ட்டலில் துணைப் பயனர்களைச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. நைட் ஷிப்ட் சூப்பர்வைசருக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தால் டிரைவர் அவரைக் கூப்பிட்டிருப்பார். சட்டம் கொடுத்த எட்டு மணி நேரத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கி, காய்ச்சல்காரக் குழந்தையின் தலையில் வைத்தது நான்தான். பாஸ்வேர்டு என்னிடம் மட்டுமே இருந்தது. அது என்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று நானும் விரும்பியிருந்தேன்.

எல்லாம் இப்படி ஒரே கையில் வந்து சேர்ந்தது எப்படி என்று சொல்ல, இடத்திலிருந்து தொடங்க வேண்டும். சென்னீர்குப்பத்தை அறியாதவர்களுக்கு: பூந்தமல்லியை ஒட்டி, ஆவடி சாலையில் இருக்கும் ஊர். மேற்கே நசரத்பேட்டை பக்கம் போனால் வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். தெற்கே பெங்களூர் நெடுஞ்சாலை. வடக்கே போனால் ஆவடி, அம்பத்தூர். லாரிக்கு இதைவிட வாகான முக்கு கிடையாது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது இந்தப் பக்கத்தின் முகத்தை மாற்றியது. அதற்கு முன் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்கவே கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் சின்னச் சின்ன குடோன் வைத்திருந்தன. அந்த வரி போனதும் பல சின்ன குடோன்களைச் சேர்த்து ஒரே பெரிய குடோனாகக் கட்ட முடிந்தது. குடோன் பெரிதாக ஆக, பொறுப்பும் ஓரிடத்தில் வந்து குவிந்தது. என்னைப் போன்றவர்களுக்கு மேனேஜர் பதவி கிடைத்தது இந்த அலையில்தான். ராத்திரி போன்களும் இதே அலையில்தான் வந்தன.

2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இப்படிப்பட்ட வேலைகளைப் 'பேராசை பிடித்த வேலை' என்கிறார். நீண்ட நேரத்துக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து நிற்பதற்கும் அளவுக்கு மீறி அதிகச் சம்பளம் கொடுக்கும் வேலை. ஒரே படிப்புப் படித்த கணவன் மனைவியில், குழந்தை பிறந்ததும் ஒருவர் அந்த வேலையில் நீடிக்க, இன்னொருவர் நெகிழ்வான, சம்பளம் குறைந்த வேலைக்கு ஒதுங்கிக்கொள்கிறார். ஒதுங்குவது பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் காட்டும் மாற்று உதாரணம் மருந்தாளுநர்கள். அமெரிக்காவில் மருந்துக்கடை வேலையில் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிகிறது, நோயாளியின் விவரமெல்லாம் கணினியில் இருக்கிறது. அந்தத் தொழிலில் ஆண், பெண் சம்பள இடைவெளி மிகக் குறைவு.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்வதில் எங்களைவிடத் தேர்ந்த தொழில் எது? ஒரு பெட்டி ஆலையிலிருந்து கடைக்குப் போவதற்குள் எத்தனை கை மாறுகிறது! ஒவ்வொரு கையிலும் கையெழுத்து, சீல், நேரம் எல்லாம் உண்டு. 2014-இல் தொடங்கிய ரிவிகோ என்ற கம்பெனி டிரைவர்களையே தொடர் ஓட்டமாக மாற்றிக் காட்டியது. ஒரு டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டுவார். வழியில் ஒரு நிலையத்தில் வண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, எதிர்த்திசையில் வரும் இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார். லாரி நிற்காமல் போகும், டிரைவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். அந்தக் கம்பெனியின் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழில் 2022-இல் மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸுக்குக் கைமாறியது, அது வேறு கதை. டிரைவர் வீடு திரும்ப வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்த தொழில், மேனேஜரின் போனை மட்டும் கைமாற்ற யோசிக்கவில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

போனைக் கைமாற்ற நான் செய்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். ஷிப்ட் மாறும்போது பழைய ஆளும் புது ஆளும் சேர்ந்து டாக்கில் ஒரு நடை நடக்க வேண்டும், பதினைந்து நிமிடம். எந்த வண்டி பாதி லோடில் நிற்கிறது, எந்த இன்வாய்ஸ் வரவில்லை, எந்த இ-வே பில் எப்போது முடிகிறது எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். கீழே இருவர் கையெழுத்து. கூடவே, எத்தனை ரூபாய் வரை யார் என்னைக் கேட்காமல் முடிவெடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். வண்டி நின்றதற்கான ஹால்டிங் பணம் கேட்டு டிரைவர் தகராறு செய்தால் சூப்பர்வைசரே பேசி முடிக்கலாம்.

முதல் மாதம் நன்றாகப் போகவில்லை. ஓசூர் போக வேண்டிய சரக்கு மதுரை வண்டியில் ஏறிவிட்டது. மறுபடி எல்லாச் சாவியையும் என் கைக்கே வாங்கிக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். "ஒரு தப்புக்கு நோட்டையே மூடிட்டா எப்படி மேடம்?" என்று கேட்டவர் அந்தத் தப்பைச் செய்த சூப்பர்வைசரே. அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். பிள்ளை பிறந்த வாரம் ஒரே ஒரு நாள் லீவு போட்டவர்.

சட்டம் எங்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய் வரலாம் என்றது. இவை நல்ல விதிகள். ஆனால் குடோனில் நூறு பேர் ஓடியாடினாலும், கம்பெனிப் பதிவேட்டில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள். அந்த ஐம்பதை யார் எப்படி எண்ணுவது? பேக்கிங் வரிசையில் நிற்கும் பெண்களின் குழந்தைகள் பகல் முழுவதும் எங்கே இருக்கிறார்கள் என்பது தனி அத்தியாயத்துக்கான விஷயம். 26 வாரம் முடிந்து நான் திரும்பியபோது, பால் பீய்ச்ச எனக்குக் கிடைத்த இடம் பழைய ஃபைல்கள் அடுக்கிய ரெக்கார்டு ரூம். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றபடி பீய்ச்சினேன். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தொழிற்சாலையில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்ற தடையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு வாங்கித் தந்த உரிமையை நான் மதிக்கிறேன். ஒரு தாழ்ப்பாளுக்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா என்றுதான் அந்த அறையில் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன்.

குடோனில் நோட்டு பழக்கமான பிறகுதான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். எந்த சிரப்பை டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்பது என் தலைக்குள் இருந்தது. பிளே ஸ்கூலில் என் நம்பர் மட்டும்தான். கணவரைக் குறை சொல்லிப் பல ராத்திரிகள் அழுதிருக்கிறேன். அதில் நியாயமும் உண்டு, அவராகக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் மகளுக்கு மருந்து ஊற்றப் போகும்போதெல்லாம் பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டதும் நான்தான். என்னை நம்பிய அளவுக்கு நான் யாரையும் நம்பவில்லை.

இதில் அத்தையைச் சொல்லாமல் விட்டால் பெரிய பிழை. அறுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. என் வேலை, என் சம்பளம், என் பதவி எல்லாம் நின்றது அந்த முட்டிகளின் மேல். அவருக்கு ஷிப்ட் மாற்ற ஆள் கிடையாது என்பது எங்கள் இருவருக்குமே மூன்று வருடம் தோன்றவில்லை. ஒருநாள் திருவேற்காடு அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்ட விதம், லீவு கேட்கும் லோடுமேனைப் போலவே இருந்தது. நெஞ்சு சுருங்கிப்போனது. வெள்ளிக்கிழமைகள் அவருக்கு என்று அன்றே முடிவு செய்தோம். அன்று கணவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்.

போன மாதம், மாதக் கடைசி. ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு ஸ்கூலிலிருந்து கணவருக்குப் போன், மகளுக்கு மறுபடி காய்ச்சல். "நான் கூட்டிட்டு வந்துட்டேன், நீ முடிச்சிட்டு வா" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. ஏழு மணிக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆவடி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வீடு சேர எட்டரை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கணவரின் கோணல் எழுத்து. 3.40 – 101. சிரப் கொடுத்தாச்சு. 5.00 – ரசம் சாதம் நாலு வாய். 7.15 – 99, தூக்கம். அடுத்த சிரப் தேவைப்பட்டால் 9.40-க்கு மேல்.

பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டு, நேரம் எழுதினேன். 8.35.

(தொடரும்)