எஞ்சின் பழுதுக்கு உண்டு, கை முறிவுக்கு இல்லை

திருகோணமலைக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்த சல்லி போன்ற கடற்கரை ஊர்களில் கரைவலை இழுப்பவருக்கும் வள்ளத்தில் கூடப் போகிறவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கும் வழக்கம் இல்லை. சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதி எதுவும் கிடையாது. மீன் விற்ற காசில் செலவு கழிந்த மிச்சத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். வின்ச்சுக் கயிற்றில் கை நசுங்கிப்போனால், தாளில் பெயரில்லாத ஆளுக்கு நட்டஈடு ஏது என்று ஊரே முடிவுகட்டிவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1934இன் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தமே. 2022இல் செய்த திருத்தம் நட்டஈட்டின் உச்சத்தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. கடதாசி இல்லாததைவிடப் பெரிய தடை, காயப்பட்டவர் வேலையாளே அல்ல, பங்காளி என்ற வாதம்.

பங்கு வாங்குகிறவர் நட்டத்திலும் பங்கெடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டமும் பங்குக்கு உழைக்கும் மீனவரை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. ஆனால் அந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் தனிப்பங்கு உண்டு. எரிபொருட்செலவு முதலிலேயே கழிகிறது. அதாவது, பொருளின் தேய்மானத்தை எல்லோரும் சேர்ந்து ஈடுசெய்கிறார்கள். உடம்பின் சேதம் மட்டும் அதற்குரியவர் தலையில். மீனின் விலையைத் தீர்மானிப்பதிலோ வள்ளத்தை விற்பதிலோ குரல் இல்லாத ஒருவரைப் பங்காளி என்பது அநியாயம். சர்வதேசத் தரமும் பங்குக்கு உழைப்பவரை ஒதுக்கவில்லை: சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2007ஆம் ஆண்டு மீன்பிடித் தொழில் உடன்படிக்கை, பிடிபாட்டில் பங்கு பெறுபவரையும் மீனவர் என்றே வரையறுத்து, வேலை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்கிறது.

ஒற்றை வள்ளத்தைக் கடனில் ஓட்டுகிறவர் 20 இலட்சத்துக்கு எங்கே போவார் என்பது கனமான மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அவரோடு வழக்காடி வென்றாலும் கைக்குப் பணம் வராது. பாரத்தைப் பரவலாக்குவதுதான் வழி. அன்றாட விற்பனையில் எரிபொருளுக்குக் கழிப்பதுபோல் ஒரு சிறுதொகையைக் காப்புறுதிக்கும் கழித்து, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் சேர்க்கலாம். வள்ளங்களைக் கடற்றொழில் திணைக்களம் ஏற்கெனவே பதிவுசெய்கிறது. அந்தப் பதிவில் கூடப் போகிறவர்களின் பெயரையும் எழுதி, காப்புறுதிப் பற்றுச்சீட்டு இல்லாமல் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் கூடாது என்று திணைக்களம் விதிக்க வேண்டும். சங்கங்கள் அதை இப்போதே கேட்க வேண்டும்.