சுழல் பந்தும் புது ரப்பரும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. மேஜைப் பந்தாட்டத்தில் இப்பழி கூடத்தின்மேல் விழுவதில்லை; மட்டையின் ரப்பர்மேல் விழுகிறது. வாகட்டில் நம்மவர் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் ஒரு பந்தாட்ட மேஜை உண்டு. அங்கே மாலை வேளையில் அடிக்கடி எழும் முறையீடு இது: "புது ரப்பர் ஒட்டியதிலிருந்து எல்லாப் பந்தும் வலையிலேயே விழுகிறது." பழைய மட்டையில் நன்றாக ஆடிய பிள்ளை புதியதில் தோற்பானேன்? அதற்குக் கொடுத்த பணம் வீண்தானா? பெற்றோர் பலர் கேட்கும் இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

எதிரில் ஆடுபவர் மட்டையைச் சாய்த்துப் பந்தின் அடிப்பாகத்தைச் சீவும்போது, பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்னோக்கி வருகிறது. இதனை ஆட்டக்காரர் 'பேக்ஸ்பின்' என்பர். நாம் பின்சுழல் எனலாம். அவ்வாறு வரும் பந்தில் நம்மை நோக்கிய முகம் கீழிருந்து மேலாகச் சுழல்கிறது. ரப்பர் அம்முகத்தைப் பற்றித் தடுக்கும் கணத்தில் பந்து கீழ்நோக்கி உந்தப்படுகிறது. மட்டையை நேரே நீட்டினால் பந்து வலைக்குள் பாய்வது இதனாலேயே.

தேய்ந்த ரப்பர் வழுவழுப்பானது. அது வந்த சுழலைப் பற்றாமல் நழுவ விடும். ஆகவே கையில் உள்ள குறை வெளிப்படாது. பிடிப்புள்ள புது ரப்பரோ சுழலை உள்ளபடியே உணர்கிறது. கை பழைய பழக்கத்திலேயே நிற்க, பந்து மட்டும் வேறு வழி போகிறது.

ரப்பர் மாறியதால் ஆட்டம் தடுமாறியது இது முதன்முறையன்று. அவ்வரலாற்றின் பெரிய நிகழ்ச்சி ஒன்று நமக்கு அருகில், பம்பாய் நகரில் நடந்தது. 1952-ஆம் ஆண்டு அங்கே நடைபெற்ற உலகப் போட்டிக்கு ஜப்பானியரான ஹிரோஜி சாதோ, தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்தார். மற்றவர் மட்டைகளில் பந்து பட்டால் ஓசை எழும். இவர் மட்டையில் ஓசையே இல்லை. எதிர்த்தவர்கள் பந்தின் வேகத்தையும் சுழலையும் கணிக்க இயலாது திகைத்தனர். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோச்சியானை வென்று சாதோ உலக வீரரானார். எனினும் அப்பட்டம் அவருக்கு மறுமுறை கிட்டவில்லை. கருவி தந்த வியப்பு சிலகாலம்; கற்ற கையே நெடுங்காலம்.

1959-இல் அனைத்துலகச் சம்மேளனம், ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்த தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. பின்னர் 2000-இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகப் பெருத்தது. 2014-இல் செல்லுலாய்டு பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்து புகுந்தது. பெரிய பந்தில் சுழல் குறையவே, அக்குறையை ஈடுசெய்யப் பிடிப்பு மிகுந்த ரப்பர்கள் பெருகின. இன்று நம் பிள்ளைகள் கையில் இருப்பவை இவையே.

இனி, பின்சுழலைத் திருப்பும் வகையைக் காண்போம். முதலாவது, தள்ளுதல். மட்டையின் முகம் முன்னினும் சற்றே வானைப் பார்க்க வேண்டும். பந்து எழும்பிய உடனே அதன் அடியில் புகுந்து, தயங்காமல் முன்னோக்கிச் சீவ வேண்டும். சும்மா நீட்டிய மட்டையின்மேல் எதிராளியின் சுழலே ஆட்சி செய்யும். விரைந்து செல்லும் மட்டை தன் சுழலைப் பந்தின்மேல் ஏற்றும். ஆதலின் புது ரப்பரில் அஞ்சிய கையே அதிகம் தோற்கும்.

இரண்டாவது, கீழிருந்து மேலாக வருடி எழுப்புதல். 'லூப்' என்பது இதுவே. இதில் ஓர் இனிய உண்மை உண்டு. பந்தின் முகம் ஏற்கெனவே மேல்நோக்கிச் சுழல்கிறதன்றோ? நாமும் மேல்நோக்கியே வருடினால் அச்சுழலை எதிர்ப்பதில்லை. அதனோடு சேர்ந்து செல்கிறோம். நம்மிடமிருந்து திரும்பும்போது அதே சுழல் முன்சுழலாகி எதிராளிக்கே தொல்லையாகிறது. அதற்கு முழங்காலை மடக்கி, பந்து இறங்கத் தொடங்கும் வரை பொறுத்து, தொடையருகிலிருந்து நெற்றி வரை மட்டையை விரைந்து வீச வேண்டும். புது ரப்பரின் பிடிப்பு இங்கேதான் தன் விலைக்கு ஈடு செய்கிறது.

சுழலின் அளவை அறியக் கண்ணைப் பழக்குக. பந்தில் அச்சிட்ட முத்திரை தெளிவாகத் தெரிந்தால் சுழல் குறைவு; கலங்கித் தோன்றினால் மிகுதி. எதிராளியின் மட்டை எவ்வளவு விரைவாகச் சீவியது என்பதையும் நோக்குக.

முலா ஆற்றைக் கடந்தால் பாலேவாடி விளையாட்டு வளாகம். 2023-இல் தேசிய லீக் போட்டி அங்கே நடந்தபோது சென்னை அணிக்காகச் சரத் கமல் ஆடினார். 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் பெற்றவர், தம் நாற்பதாம் வயதில், 2022-இல், பர்மிங்ஹாமில் மீண்டும் அதே தங்கத்தை வென்றார். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் பந்தே மாறிவிட்டது. மாறிய பந்துக்கேற்பத் தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டமையாலன்றோ அவர் நிலைத்து நின்றார்!

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வெளியூரில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் செலுத்தி மிஞ்சும் பணத்தில் ரப்பர் வாங்குகிறோம். தொடக்க நிலையில் உள்ள பிள்ளைக்கு உலக வீரர் ஒட்டும் மிகத் தடித்த ரப்பர் வேண்டா. நடுத்தரத் தடிப்பே போதும். ஆடியபின் ஈரப் பஞ்சினால் துடைத்து மூடி வைத்தால் அது நெடுநாள் உழைக்கும். நாள்தோறும் கால்மணி நேரம் ஒருவர் பின்சுழற் பந்துகளையே தொடர்ந்து அனுப்ப, மற்றவர் திருப்பிப் பழகட்டும். சில வாரங்கள் பந்து வலையில் விழத்தான் செய்யும். அந்நாட்களில், "இவ்வளவு செலவு செய்தும் இப்படியா?" என்று நாம் கடிந்துகொண்டால், பிள்ளை ரப்பரை மட்டுமன்று, ஆட்டத்தையே வெறுத்துவிடுவான். செலவான பணத்தை மீண்டும் ஈட்டிக்கொள்ளலாம்; குன்றிய ஊக்கத்தை மீட்பது அரிது. பொறுத்திருப்போம், பந்து வலையைத் தாண்டும்.