தூங்கும் குழந்தை, கட்டும் பால், ஏறும் மஞ்சள்

பிரசவமாகி மூன்றாம் நாள். "ரொம்பச் சமத்து, அழவே மாட்டேங்குது" என்று பார்க்க வந்தவர்கள் மெச்சும் குழந்தையைத்தான் செவிலியர் சந்தேகத்தோடு பார்ப்பார். நெற்றியை விரலால் லேசாக அழுத்தி எடுப்பார். அந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை. பிலிருபின் அளவு கூடியிருந்தால் மாலைக்குள் குழந்தை நீல விளக்கின் கீழே. தாய்க்கோ அப்போதுதான் பால் கட்டத் தொடங்கியிருக்கும்.

நிறைமாதக் குழந்தைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 சதவீதம் பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமிதான் பிலிருபின். அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதி, பிறக்கும்போது பெரியவர்களுக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அளவு மிக அதிகமாகி நிறமி மூளைக்குள் புகுந்துவிட்டால் செவித்திறன் போகலாம், கை கால் இயக்கம் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மருத்துவர்களின் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

கல்லீரல் குடலுக்கு அனுப்பிய பிலிருபின் மலத்தோடு போய்விட வேண்டும். போகாமல் தங்கினால் குடல் அதை உறிஞ்சி மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். பிறந்த குழந்தையின் கரும்பச்சை நிற முதல் மலத்தில் இந்த நிறமி ஏராளம். அதை இளக்கி வெளியேற்றுவது சீம்பால். ஆனால் மஞ்சள் ஏறிய குழந்தைக்கு அசதி. நாலு தடவை சப்பும், தூங்கிவிடும். பால் இறங்காத மார்பு கல்லாகக் கட்டும். இறுகிய மார்பைக் கவ்வ வராமல் குழந்தை இன்னும் குறைவாகக் குடிக்கும். தேங்கிய பாலால் சுரப்பும் குறையும், மலம் போகாது, மஞ்சள் மேலும் ஏறும்.

"உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கலை" என்ற பேச்சு இந்த நேரத்தில்தான் எழும். ஏற்கெனவே தையல் வலியோடு அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் சொல்லக்கூடாத பேச்சு அது, உண்மையுமல்ல. ரத்தப் பிரிவுப் பொருத்தமின்மை போன்ற நோய்க்காரணம் இல்லாதபோது, முதல் வாரத்தில் மஞ்சள் கூடுவது பெரும்பாலும் தாய்ப்பாலால் அல்ல, அது போதிய அளவு உள்ளே போகாததால். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். சிசேரியனுக்குப் பிறகு பால் ஊறக் கொஞ்சம் தாமதமாவது சகஜம். அந்த இடைவெளியில்தான் தாய்க்கு ஆள் துணை வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறையும், மஞ்சள் இறங்காது. கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத பிலிருபின் நீரில் கரையாது, சிறுநீரில் போகாது. சங்கில் புகட்டும் கழுதைப்பால் மஞ்சளைப் போக்குவதில்லை, கிருமித்தொற்றைத்தான் கொண்டுவரலாம்.

விளக்குச் சிகிச்சை பிறந்தது இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில். 1956இல் அங்கே குறைமாதக் குழந்தைகளைக் கவனித்த சிஸ்டர் வார்டு, அவர்களை வெயிலுக்கு வெளியே எடுத்துச் செல்வார். ஒருநாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஒரு முக்கோணம் மட்டும் அடர் மஞ்சள். துணியின் முனை மூடியிருந்த இடம் அது. மருத்துவர் கிரீமரும் சகாக்களும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நீல ஒளி பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றுகிறது. மாறியது கல்லீரல் நொதியின் உதவியில்லாமலே வெளியேறிவிடுகிறது. வெயிலில் தொடங்கிய கதைதான், ஆனாலும் வீட்டில் இளவெயில் காட்டுவது இதற்கு மாற்று அல்ல. ஒளியின் அளவு கைக்குள் நிற்காது, சிறு உடல் சூடாகவோ குளிர்ந்தோ போகும்.

லைட்டில் வைத்தாலும் பால் நிற்க வேண்டியதில்லை. மஞ்சள் அபாய அளவில் இல்லையென்றால், பசியாற்ற வெளியே எடுக்கலாம். அப்போது, விளக்கொளி படாமல் கட்டிய கண்பட்டையைக் கழற்றிவிட்டால் குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை புகட்ட வேண்டும். துணியை விலக்கி மார்போடு அணைத்து, உள்ளங்காலை வருடி எழுப்பலாம். சப்புவது நின்றால் மார்பை மெல்ல அழுத்திக் கொடுக்கலாம். அப்படியும் குடிக்காவிட்டால் கையால் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடைக் கிண்ணத்தில் புகட்டலாம். நம் வீடுகளில் பரணேறிவிட்ட பாலாடை இந்திய மருத்துவமனைகளில் எவர்சில்வரில் இன்றும் புழங்குகிறது. எடை மிகவும் குறைந்து மருத்துவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அதில் தாய்க்குக் குற்றவுணர்வு தேவையில்லை. பீய்ச்சுவதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

நன்றாகக் குடித்து, எடை கூடியும் சில குழந்தைகளுக்கு வாரக்கணக்கில் மஞ்சள் தங்கும். இது தாய்ப்பால் மஞ்சள். மூன்று மாதம்வரைகூட நீடிக்கலாம், பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளை இதுவென்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்தோ, சிறுநீர் அடர்மஞ்சளாகத் துணியில் கறை பிடித்தோ போனால் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சளுக்கோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.